காயலான் கடை பிரிண்டரும் இரண்டு பிள்ளைகளும்

காயலான் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு பழைய இங்க்ஜெட் பிரிண்டர் கிடைத்தது. மேலே ஸ்கேனரும் உண்டு. அக்கா மகன் பத்தாவது, மாடி வீட்டுப் பெண் ஒன்பதாவது. இருவருமே அறிவியலில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிறவர்கள். ஆனால் ஸ்குருவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். புணேயின் அரவிந்த் குப்தா (2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர்) குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, இவர்களை வைத்து இந்தப் பிரிண்டரைக் கழற்றிப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது.

முதல் ஞாயிறு முழுக்கக் கழற்றல்தான். உள்ளே மின்சாரம் போகும் கறுப்புப் பெட்டியை மட்டும் திறக்க விடவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மற்றதெல்லாம் அவர்கள் கையில். இரண்டு இரும்புக் கம்பிகள், ஒரு டப்பா நிறையப் பல்சக்கரங்கள், ஒரு பெல்ட், இரண்டு மோட்டார்கள். மை பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும் மோட்டாருக்கு இரண்டே ஒயர். சாதாரண டிசி மோட்டார். ஸ்கேனரில் இருந்தது நான்கு ஒயர் வரும் ஸ்டெப்பர், அதாவது ‘டிக் டிக்’ என்று படிப்படியாக நகரும் மோட்டார்.

கடைசியாக மிச்சக் கூட்டைத் தூக்கிக் கவிழ்த்தேன். அது என் தப்பு. அடியில் ஒரு பஞ்சுமெத்தை இருக்கும். பிரிண்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போதெல்லாம் துப்பும் மை அதில்தான் சேரும். அக்கா வீட்டு மொசைக் தரையில் ஒரு முறம் அளவுக்குக் கறுப்பு. துடைத்துக்கொண்டே பையன் கேட்டான்: “இதுக்குத்தான் கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோகுதா மாமா?” தரை போனால் போகட்டும் என்று தோன்றியது. அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஸ்டெப்பரோடு உட்கார்ந்தோம். நான்கு ஒயரில் எது எதற்கு ஜோடி என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொன்னேன். சில ஓம் காட்டினால் ஒரே சுருள், ஒன்றும் காட்டாவிட்டால் வேறு சுருள். அந்தப் பெண் பொறுமையாக ஆறு சேர்க்கையையும் நோட்டில் எழுதினாள். அதற்குள் பையன் இரண்டு ஒயரின் முனைகளைச் சும்மா முறுக்கிவிட்டு அச்சைச் சுழற்றிக்கொண்டிருந்தான். சட்டென்று, “இது கெட்டுப்போச்சு, இறுகுது” என்றான்.

முறுக்கைப் பிரித்தால் லேசாகச் சுற்றுகிறது. மறுபடி முறுக்கினால் பிடித்து இழுக்கிறது. மெதுவாகத் திருப்பினால் பெரிய வித்தியாசமில்லை, வேகமாகத் திருப்பும்போதுதான் எதிர்க்கிறது. கால் மணி நேரம் மாற்றி மாற்றி இதையே செய்தார்கள். சுழற்சியால் பிறக்கும் மின்னோட்டம் அந்தச் சுழற்சியையே எதிர்க்கும் என்கிற லென்ஸ் விதி பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும். அந்தப் பெயரை நான் எடுக்கவே இல்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் விரல் சொன்னதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. எல்லாத் துண்டும் கச்சிதமாகப் பொருந்தும் அறிவியல் கிட் பெட்டிகள் மீது எனக்கு உள்ள குறையும் அதுதான். அதில் தப்பாக முறுக்க ஒயரே இருக்காது.

அப்புறம் ஒரு சுருளின் இரு முனையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை எல்.இ.டி.யை எதிரெதிராக வைத்துக் கட்டினோம். அச்சைச் சுண்டினால் இரண்டும் சேர்ந்தே எரிவதுபோல் இருந்தது. ஒயரை நீளமாக விட்டு, ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒருவர் சுழற்ற இன்னொருவர் எல்.இ.டி.க்களைக் காற்றில் வீசினார்கள். இருட்டில் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று மணி கோத்த மாதிரி கோடு. “அங்கிள், மாறுதிசை மின்னோட்டம்!” என்று கத்தினாள். அச்சில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு சுற்றுக்கு எத்தனை ‘டிக்’ என்று எண்ணினாள்: 48. அதாவது ஒரு டிக்குக்கு ஏழரை டிகிரி.

மூன்றாவது வாரம் சறுக்கல். மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு நான்கை வைத்து மின்னோட்டத்தை ஒரே திசைக்குக் கொண்டுவரப் பார்த்தோம். நேரடியாகக் கொடுத்தபோது மினுக்கிய வெள்ளை எல்.இ.டி இப்போது எரியவே இல்லை. டயோடு கெட்டது என்றான் பையன். நான்கையும் சோதித்தோம், நல்ல டயோடுகள்தான். கடைசியில் மீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு டயோடும் சுமார் 0.7 வோல்ட் சாப்பிடுகிறது. எந்த நேரமும் இரண்டு டயோடுகள் மின்னோட்டத்தின் பாதையில் நிற்பதால் 1.4 வோல்ட் போய்விடுகிறது. வெள்ளைக்கோ கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும். வேகமாகச் சுற்றினால் வரும், விரலால் முடியாது.

பல்சக்கர டப்பாவைக் கொட்டித் தேடினார்கள். 60 பல் சக்கரம் ஒன்று மோட்டாரின் 15 பல்லோடு சரியாகக் கடித்தது. பெரியது ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் நான்கு சுற்று. ஆப்பிள் பெட்டிப் பலகை, பழைய டூத்பிரஷ் கைப்பிடி, ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். விளக்கு நிலையாக எரிந்தது. கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று மங்கியது.

அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான்: போன் சார்ஜ் ஆகுமா? அளந்தான்: 3.1 வோல்ட், 20 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 62 மில்லிவாட். போனின் பழைய, மெதுவான சார்ஜரே 5 வாட். “இந்த மாதிரி எண்பது பேர் சுத்தணும் மாமா.”

மிஞ்சிய சர்க்யூட் போர்டுகள் ஒரு பையில் இருக்கின்றன. காயலான் கடைக்கே திருப்பிக் கொடுத்தால் செம்புக்காக எரித்துவிடுவார்கள். அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனம் எதற்காவது கொடுக்க வேண்டும்.

நேற்று அந்தப் பெண் ஒரு பழைய மிக்ஸியோடு இறங்கி வந்தாள், பெரிய மோட்டார் என்றால் நிறையக் கரண்ட் வருமாம். “அம்மாவுக்குத் தெரியாது அங்கிள்.” ஸ்டெப்பரில் இருப்பதுபோல மிக்ஸி மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, கையால் எவ்வளவு சுற்றினாலும் எல்.இ.டி எரியாது. நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம்.