ஆடிக்காற்றும் மத்திக் குழம்பும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. பழங்காநத்தத்துப் புழுதி மொத்தமும் ஈரத்துணியில்தான் வந்து உட்காரும், அம்மா காற்றைத் திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை அலசுவார். மழையை எல்லாம் மலையாளக் கரையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம்மூருக்கு வருகிற காற்று, திட்டத்தான் தோன்றும். ஆனால் அது கடலில் ஒரு வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறது.

சில வருடம் முன்பு ஓர் ஆடியில் குளச்சலில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது கடலில் கால் வைத்தால் ஜில்லென்று இருந்தது. சித்திரையில் வெதுவெதுப்பாக இருந்த அதே கரை. "அடித்தண்ணி மேல வந்திருக்குல்லா, அதான் மக்களே" என்றார் சித்தப்பா. புத்தகத்தில் இதற்கு மேலெழுச்சி என்று பெயர்.

காற்று அடிக்கிற திசையிலேயே கடல்தண்ணீர் போய்விடாது. பூமி சுழல்வதால் நம் வட பாதியில் அது வலப்பக்கம் ஒதுங்கும். வட துருவக் கடலில் பனிக்கட்டி இப்படி ஒதுங்கி மிதப்பதை 1890களில் நார்வே நாட்டுக் கடலாய்வாளர் நான்சென் கவனித்தார், 1905இல் ஸ்வீடன் விஞ்ஞானி எக்மன் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். குமரிக் கரையில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்றுக்கு வலப்பக்கம் தெற்கு, அதாவது ஆழ்கடல் பக்கம். மேல்தண்ணீர் அப்படிக் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறுகிறது.

ஏறினால் என்ன? நம்மூர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தெல்லாம் அடியில் வண்டலாகக் கிடக்கும், அதை அள்ளி வயலில் போட்டால்தான் பயிருக்குச் சேரும். கடலிலும் செத்தது, கழிந்தது எல்லாம் கீழே போய் மக்கி நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்டாக இருட்டில் கிடக்கிறது. வெளிச்சம் இருக்கும் மேல்பகுதியில் சத்து இல்லை. காற்றுதான் வண்டல் அள்ளும் ஆள்.

சத்தில்லாத தெளிந்த தண்ணீரில் மிக நுண்ணிய பாசிகள்தான் ஆட்சி செய்யும், கொஞ்சத்தை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்தவை. வண்டல் ஏறியதும் டயாட்டம்கள் முந்திக்கொள்கின்றன. கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் பெரிய பாசிகள் இவை. நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால் பத்தே நாளில் ஆயிரம் மடங்கு! இவற்றைத் தின்னும் கோப்பிபாட் என்ற, இறாலுக்குத் தூரத்து உறவான பொடி உயிருக்கு முட்டையிலிருந்து வளரவே சில வாரம் பிடிக்கும், அதனால் முதல் சுற்றில் டயாட்டம்களைக் கேட்க ஆளில்லை. அப்புறம் காற்று ஓய்ந்து தண்ணீர் அடுக்கடுக்காக நின்றுவிட்டால், சவுக்கு மாதிரி வால் வைத்துக்கொண்டு நீந்தத் தெரிந்த டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் முறை. நீந்தத் தெரியாத டயாட்டம்கள் கனத்தில் மூழ்கிவிடும்.

சரி, காற்று பலமாக அடித்தால் மீன் பெருகும்தானே என்றால், இல்லை. ரொம்ப அடித்தால் பாசியையும் மீன்குஞ்சையும் சேர்த்தே ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும், அல்லது வெளிச்சம் எட்டாத ஆழத்துக்குக் கலக்கிவிடும். க்யூரி, ராய் என்ற இரண்டு மீன்வள ஆய்வாளர்கள் 1989இல் எழுதிய கட்டுரைப்படி விநாடிக்கு 5, 6 மீட்டர் வேகம்தான் மீன்குஞ்சுகளுக்குத் தோது. அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் போல, டிவிஎஸ் ஃபிஃப்டியில் நிதானமாகப் போகிற வேகம்.

மத்தி முட்டை போடுவதும் இந்தப் பருவத்தில்தான், அது டயாட்டமையே வடிகட்டித் தின்னும் மீன். கேரளத்தில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. காற்று மட்டும் காரணமில்லை, பிடித்த பிடியும் கடல் சூடானதும் உண்டு என்றாலும், ஏழை வீட்டு மீன் என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற மீன் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது பாருங்கள்.

ஐப்பசி வாக்கில் மத்தியில் நெய் ஏறியிருக்கும், குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கும். போன வருடம் அப்படி ஒரு நாள் இதை எல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டு வைத்துவிட்டு, "அந்தக் காத்து கடலோட நின்னுக்கக் கூடாதா" என்றார்.