பத்தாவது ஆள்

இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில் எனக்கு வேலை, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது. குளிப்பாட்ட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், சமைக்க வேண்டும், ராத்திரி பக்கத்து அறையிலேயே படுக்க வேண்டும். இந்த வேலை செய்கிறவனை அங்கே மெத்தபேல் என்பார்கள். அவரை நான் சபா என்று கூப்பிடுவேன். தாத்தா என்று அர்த்தம். ஹீப்ரூவில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனாலும் என் மனசுக்குள் அவர் எப்போதும் ‘நீங்கள்’தான்.

சபா துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபம், விரதம் என்றாலே சிரிப்பார். இஸ்ரேலில் பெரும்பாலான ஊர்களில் சனிக்கிழமை பஸ் ஓடாது, ஹைஃபாவில் ஓடும். அந்த பஸ்ஸில் ஏறி மனைவியோடு கடற்கரைக்குப் போன கதைகளைப் பெருமையாகச் சொல்வார். நானோ குளச்சல்காரன். இறால் வறுத்தால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார். துடுப்பும் செதிலும் இல்லாத கடல் பிராணி எதுவும் யூதர்களுக்கு விலக்கு என்று எனக்குச் சொன்னதே அவர்தான், வாயில் இறாலை வைத்துக்கொண்டு.

அந்தக் குளிர்காலத்தில் பாட்டி, சபாவின் மனைவி, இறந்துபோனார். ஷிவா என்று 7 நாள் துக்கம். கண்ணாடிகளைத் துணியால் மூடினோம், வாசல் கதவைப் பூட்டவில்லை. வருகிறவர்கள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறந்த பிறகுதான் பேச வேண்டுமாம். நம் ஊரில் ‘எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு’ என்று குடைவார்களே, அதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் ஒரே மகளும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டாள். அப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

ஒரு சாயங்காலம், அலமாரியில் கிப்பா இருக்கும், எடு என்றார். தலையில் வைக்கிற அந்தச் சின்னத் தொப்பியைத் தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் என்ற ஜெபத்தைத் தனியாகச் சொல்ல முடியாது. 13 வயது தாண்டிய யூத ஆண்கள் 10 பேர் கூடியிருக்க வேண்டும். (சில பிரிவுகளில் பெண்களையும் எண்ணுவார்கள், நாங்கள் போன இடத்தில் இல்லை.) எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு சின்ன ஜெபாலயம். ஹைஃபா மலைச்சரிவில் இருக்கிற ஊர். இறங்கும்போது நாற்காலி என்னை இழுக்கும், ஏறும்போது என் முதுகு உடையும். மழை நாட்களில் மனசுக்குள் திட்டியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

அங்கே பல நாள் 9 பேர்தான் இருப்பார்கள். நான் பத்தாவதாக நின்றுகொண்டிருப்பேன், ஆனால் நான் கணக்கில் இல்லை. சபா என்னைப் பார்ப்பார். நான் வெளியே ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்த்து “அசிரி! அசிரி!” என்று கத்துவேன். பத்தாவது ஆள் என்று அர்த்தம். கறுத்த தோல்காரன் ஒருவன் இப்படிக் கத்துவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் காய்கறிப் பையோடு உள்ளே வந்து நின்றவர்களும் உண்டு.

கதிஷ் ஹீப்ரூவில்கூட இல்லை, அராமிக்கில் இருக்கிறது. அதில் சாவு என்ற வார்த்தையே இல்லை, முழுக்கக் கடவுளின் புகழ்தான். சபா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தப்பும் தவறுமாக வாசித்தார். மற்றவர்கள் காத்திருந்து ஆமென் சொன்னார்கள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை அது, நானும் சொல்லிவைத்தேன்.

மனைவிக்கு 30 நாள் துக்கம் போதும் என்று யூத மதகுருவான ரபி சொல்லிவிட்டார். பெற்றோருக்காகப் பிள்ளைகள்தான் 11 மாதம் சொல்வார்கள். மோசமான பாவிக்குத்தான் மறுஉலகில் 12 மாதத் தண்டனை என்று ஒரு நம்பிக்கை. நம் ஆளை அப்படி நினைக்கலாமா என்று ஒரு மாதம் முன்பே நிறுத்திக்கொள்வார்களாம். “அவளுக்கு மகன் இல்லை. நானே 11 மாதமும் சொல்கிறேன்” என்றார் சபா.

கொஞ்சம் கொஞ்சமாக வீடு மாறியது. முதலில் இறால் போனது, பிறகு பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வந்தன. எனக்கு இது கூடுதல் வேலைதான். சபாத் என்கிற சனிக்கிழமை ஓய்வு நாளில் சுவிட்சைத் தொட மாட்டார், ஆயுசு முழுக்கச் சுவிட்சோடு மல்லுக்கட்டிய மனுஷன்! என்னைப் போடச் சொல்லவும் கூடாது. அதனால் “வீடு கொஞ்சம் சூடாக இருக்கிறது, இல்லையா?” என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் புரிந்துகொண்டு ஏசியைப் போடுவேன். முன்பெல்லாம் அதட்டித்தான் சொல்வார், இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மேட்டில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கேட்டுவிட்டேன், “இப்போது கடவுளை நம்புகிறீர்களா சபா?”

“தெரியவில்லை. ஆனால் நான் போகாவிட்டால் அங்கே 8 பேர்தானே?”

நம்பிக்கை முதலில் வரும், அனுஷ்டானம் பின்னால் வரும் என்று நான் நினைத்திருந்தேன். சீனாய் மலையில் இவர்களுடைய முன்னோர்கள் ‘செய்வோம், கேட்போம்’ என்ற வரிசையில்தான் சொன்னார்களாம். ஜெபாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கபாய் சொன்னார். சபா சாப்பிட ஆரம்பித்ததும் தூங்க ஆரம்பித்ததும் அந்த வரிசையில்தான் நடந்தன.

11 மாதம் முடிந்தது. மறுநாள் சாயங்காலம் நான் நாற்காலியை மூலையிலேயே விட்டுவிட்டு அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிட்டார். கிப்பா வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நேற்றோடு முடிந்துவிட்டதே, சபா?”

கடிகாரத்தைப் பார்த்தார். “அங்கே வருகிற மீன்கடைக்காரனுக்குக் கதிஷ் சொல்ல இன்னும் 4 மாதம் பாக்கி இருக்கிறது. சீக்கிரம் வா, ஆள் குறைந்தால் நீ வெளியே போய்க் கத்த வேண்டியிருக்கும்.”