மாலெவிச்சின் கறுப்பு வெள்ளைச் சதுரம்: தோட்ட மண்டபத்துக்கு ஒரு படுதா

நவீன ஓவியர் கஸிமிர் மாலெவிச் என்றதும் நம் தோட்டப் பட்டணத்து நாடகக் குழுக்கள் பின்வாங்கத் தேவையில்லை. 1913-இல் அவர் வரைந்தது படுதாவுக்கான படம். சுழல் மேடை கேட்கவில்லை, துணியும் சாயமும் போதும். திருவிழா நாடகங்களுக்கு அரண்மனை, காடு, தெரு என்று சீன் எழுதிய ஊர்களுக்கு இது பழகிய வேலைதான்.

'சூரியன் மீது வெற்றி' இசைநாடகம் அந்த ஆண்டு டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் லூனா பார்க் அரங்கில் இரண்டே முறை நடந்தது. வாத்தியக் குழு கிடையாது, சுருதி கெட்ட ஒரு பியானோ மட்டும். இரண்டாம் அங்கம் ஐந்தாம் காட்சிக்கான படத்தில் ஒரு சட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரத்தை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டி ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. தாளில் பென்சில், அவ்வளவே. 1915-இல் காட்சிக்கு வந்த 'கருஞ்சதுர' ஓவியத்துக்கு அவர் 1913 என்று ஆண்டு குறித்துக்கொண்டதும் இந்த மேடைப் படங்களை வைத்துத்தான்.

வெளிச்சட்டத்தை விட்டுவிட்டு மேடை முழுக்கக் குறுக்கே கறுப்படிப்பதுதான் முதல் தவறு. நம் மண்டப மேடைகள் அகலம் கூடியவை. 12 அடி உயரத்துக்கு 30 அடி அகலம் என்றால் கோடு படுத்துவிடும், சதுரமும் காணாமல் போகும். 14 அடி அகலம், 12 அடி உயரத்தில் துணி தைத்து, நடுவில் 10 அடிச் சதுரம் போடுங்கள். மிச்ச அகலத்துக்குச் சாம்பல் நிறத் திரை. கறுப்புத் திரை வேண்டாம், சதுரத்தின் கறுப்போடு போட்டி போடும்.

காடாத்துணியை முதலில் அலசிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் சாயம் பட்டதும் சுருங்கும். இணைப்புத் தையல் கிடையாகவே வரட்டும். செங்குத்தாகத் தைத்தால் தொங்கவிட்டதும் தையலோரம் மடிப்பு மடிப்பாக நிற்கும். அடியில் 3 அங்குலத்துக்கு மடித்துத் தைத்து முக்கால் அங்குலக் குழாயைச் செருகினால், அதன் எடை துணியை இழுத்துப் பிடிக்கும், காற்றாடி சுற்றினாலும் ஆடாது.

துணியைப் பலகைச் சட்டத்தில் அடித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷனைப் பூசுங்கள். காய்ந்ததும் நூல் அடிக்க வேண்டும், அதாவது பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட வேண்டும். நீலப்பொடிதான் நல்லது, சிவப்பு வெள்ளையில் கறையாக நின்றுவிடும். இரண்டு மூலைவிட்டமும் 14 அடி 1¾ அங்குலம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அது சதுரம் இல்லை, மேற்கொண்டு பூசிப் பயனில்லை.

இந்தப் படுதாவின் உயிர் கறுப்பின் விளிம்பில் இருக்கிறது. மாஸ்கிங் டேப் ஒட்டி நேரே கறுப்பு பூசினால், துணியின் இழை வழியாக அது டேப்புக்கு அடியில் ஊறி விளிம்பு பல்லிளிக்கும். டேப் ஓரத்தில் முதலில் அதே வெள்ளையைப் பூசுங்கள். ஊறுவது வெள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும். அது காய்ந்தபின் கறுப்பு இரண்டு கை. இரண்டாவது கை முழுதும் காயுமுன்பே டேப்பை உரிக்க வேண்டும். பளபளக்காத எமல்ஷன்தான் வாங்க வேண்டும். எனாமல் விளக்கொளியில் மின்னும், சுருட்டினால் வெடிக்கும். கறுப்புப் பகுதி 50 சதுர அடிதான், 1 லிட்டர் டின் போதும். மழை பிடித்த மாலையில் பூசாதீர்கள், ஈரக்காற்றில் திட்டுத் திட்டாகக் காயும்.

மேடைக்கு மேலே உள்ள குழல் விளக்குகளை அணைத்துவிடுங்கள், அந்த ஒளியில் கறுப்பு வெளிறிப் போகும். பக்கவாட்டில் உயரத்திலிருந்து விளக்கு விழட்டும், நடிகர்கள் படுதாவை விட்டு 6 அடி முன்னால் நிற்கட்டும். நேர் எதிரிலிருந்து அடித்தால் ஆளுக்கொரு நிழல் வெள்ளைப் பாதியில் விழும், அப்புறம் அங்கே இரண்டு கறுப்பு.

முடிந்ததும் மடிக்காமல் பிவிசி குழாயில் சுருட்டி வையுங்கள். காடாவில் சாயம் ஊறினால் பின்பக்கத்திலும் சதுரம் தெரியும். பின்பக்கத்தில் பெரிதாக 'பின்' என்று எழுதாவிட்டால் அடுத்த நாடகத்தில் யாராவது புரட்டிக் கட்டுவார்கள், குறுக்குக் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும்.