பவர் டேபிள் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் பவர் டேபிளில், அதாவது பனியன் தைக்கும் எந்திரப் பிரிவில், கழுத்து வலியும் தோள் வலியும் குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். மேலாளர் எழுதிய பட்டியல்படி, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் எந்திரத்தில் இருப்பவர் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கும், செக்கிங்கில் இருப்பவர் ஓவர்லாக்குக்கும் மாறுவார்கள். மேலாளருக்குத் தையல் தெரியாது. பட்டியல் போடத் தெரியும்.

ஜூன் 4, புதன்

ஆள் மாறினார்கள், வலி மாறவில்லை. மதியத்துக்குப் பிறகு செக்கிங் மேசையருகே நெடுநேரம் நின்று பார்த்தேன். எந்திரத்தின் முன் எவ்வளவு குனிந்திருந்ததோ, அதே அளவுக்கு இங்கேயும் கழுத்து குனிந்திருக்கிறது. அங்கே துணியைத் தள்ளிய கை இங்கே பிசிர் வெட்டுகிறது; முழங்கை உடம்போடு ஒட்டாமல் அந்தரத்திலேயே நிற்பதால் தோள் ஒரு கணமும் இறங்குவதில்லை. உட்கார்ந்திருந்த கால் நிற்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஒன்றரை ஷிப்ட். தலை வாரக் கை எழவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

துணிக்கட்டு சுமப்பவர்களைவிட, கனமே இல்லாத பனியன் துணியைத் தள்ளுபவர்களுக்கு ஏன் தோள் இப்படி இறுகுகிறது என்ற கேள்வி விடவேயில்லை. சுவீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991இல் முன்வைத்த கருதுகோள் இதற்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. தசை சிறிதளவு வேலை செய்தாலும் முதலில் இழுக்கப்படுபவை சில சிறிய இழைகளே. தசை முழுதும் தளரும்வரை அவற்றுக்கு ஓய்வில்லை. முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் மருமகளைப் போல அவை நாள் முழுதும் உழைக்க, பெரிய இழைகள் சும்மா இருக்கின்றன. அப்படியானால் வேலையின் கனத்தைக் குறைப்பது மட்டும் போதாது. அந்த இழைகள் முற்றிலும் அணைந்துபோகும் இடைவெளி வேண்டும். 1713இலேயே இத்தாலிய மருத்துவர் ராமாசினி, எழுத்தர்களின் நோய்க்கு ஓயாத உட்காரலையும் ஒரே போக்கில் ஓடும் கையையும் காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

பட்டியலைத் திருத்தினேன். ஓவர்லாக்கிலிருந்து எழுபவர் இனிச் செக்கிங்குக்குப் போகாமல், கட்டிங்கிலிருந்து தள்ளுவண்டியில் கட்டு கொண்டு வருவார். நடக்கும்போது தலை நிமிர்கிறது, கை இறங்குகிறது. அட்டைப்பெட்டி தூக்குவதை மட்டும் சுழற்சியில் சேர்க்கவில்லை. எல்லாம் தோதாக அமைந்தால்கூட ஒருவர் தூக்குவதற்கு 23 கிலோதான் உச்ச அளவு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. எங்கள் பெட்டி தரையிலிருந்து எடுக்கப்படுவது, எடுத்த கையோடு இடுப்பைத் திருப்பி அடுக்கப்படுவது. அந்த வேலையைப் பங்கு போட்டால் ஒருவர் இடுப்பு வலி எல்லாருக்கும் வந்துசேரும். முதலில் பெட்டியின் கனம் குறையட்டும்.

ஜூன் 11, புதன்

“ஏனுங்கக்கா, நான் வண்டி தள்ளப் போயிட்டா என்ற பீஸ் கணக்கு என்னாகுறதுங்க?”

ஓவர்லாக்கில் இருப்பவர் ஒருவர் இப்படிக் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஷிப்ட் சம்பளக்காரர்கள் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுகிறார்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்குபவர்களோ, தோள் எரிந்தாலும் இடத்தை விடமாட்டார்கள். எழுந்த நேரமெல்லாம் கூலியில் குறையும். இழையைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகவில்லை. எழுந்து போகும் நேரத்துக்கு அவரவருடைய சராசரிக் கூலியைப் போட்டுக் கொடுக்காதவரை சுழற்சி பட்டியலில் மட்டுமே நடக்கும்.

ஜூன் 14, சனி

சம்பள நாள். சராசரிக் கூலி பற்றிக் கேட்டேன். “பார்க்கலாம்” என்றார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வண்டி தள்ளப் போய் வருபவர்கள் மாலைத் தேநீர் வேளையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இதை மேலாளரே கவனித்துச் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே, ஷிப்மெண்ட் தேதி முன்னால் வந்துவிட்டதால் சுழற்சியை நிறுத்திவைக்க வேண்டும் என்றார். அரை நாளாவது நடக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். நாளைக் காலை எட்டரைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.