முழங்காலுக்கு ஊசி போடுமுன்

கதிர்காமத்துக்கு நடக்கப் போறன், முழங்காலுக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்கோ என்று கேட்பவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உண்டு. தேய்மானத்துக்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி நோவைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் புறப்படும் கிழமையில் போடக் கூடாது. ஊசியால் மூட்டுக்குள் கிருமி போவது அரிது. போனால் பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே தெரியும். அப்போது நீங்கள் உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் காட்டுக்குள் நிற்பீர்கள். இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

வழமையாகப் போடுவது ட்ரையம்சினோலோன் 40 மில்லிகிராம், அல்லது மெதைல்பிரெட்னிசொலோன் 40 முதல் 80 மில்லிகிராம். கூடவே விறைக்கும் மருந்தான லிக்னொகேய்ன் சிறிதளவு சேரும். படுத்துக் காலை நீட்ட, முழங்காற் சிரட்டையின் வெளிப்பக்க மேல் விளிம்புக்குக் கீழால் ஊசி போகும். தோலில் பூசிய கிருமிநாசினி காயும் வரை பொறுக்கவேண்டும்.

வீக்கம் இருந்தால் முதலில் நீரை எடுப்பார்கள். "நீர் எடுத்தால் திரும்பத் திரும்ப ஊறும்" என்ற பேச்சை நம்பவேண்டாம். ஊறவைப்பது மூட்டின் அழற்சி, ஊசியல்ல. தேய்மான நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும், முட்டை வெள்ளை போல நூலாக இழுபடும். சிரிஞ்சுக்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடித்தால் வாசிக்கலாம். கலங்கி எழுத்து மறைந்தால் கிருமி இருக்கலாம், அன்று ஸ்டீரொய்ட் கிடையாது, நீர் பரிசோதனைக்குப் போகவேண்டும். மருந்து தள்ள இறுக்கமாக இருந்தால் ஊசிமுனை மூட்டுக்குள் இல்லை, கொழுப்பிலோ தசைநாரிலோ நிற்கிறது. பலமாகத் தள்ளாமல் முனையை மாற்றவேண்டும்.

விறைப்பு சில மணித்தியாலத்தில் விடும். அன்றிரவு நோ திரும்புவதைக் கண்டு ஊசி பிழைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஸ்டீரொய்ட் வேலை தொடங்க ஓரிரு நாள், சிலருக்கு ஒரு கிழமை பிடிக்கும். முதல் இரண்டு நாள் நோ கூடினால் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள், பரசிட்டமோல் போடலாம். வயல் வேலையும் குந்துவதும் அந்த இரண்டு நாளும் வேண்டாம். காய்ச்சலோடு மூட்டு சூடாகி, வீங்கி, மடக்க முடியாமற் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் அதை ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லியே ஆகவேண்டும். சுகர் சில நாள் ஏறி நிற்கும். இன்சுலின் போடுபவர்கள் ஒரு கிழமை அடிக்கடி பார்க்கவேண்டும். மூட்டு மாற்றும் ஒபரேஷன் மூன்று மாதத்துக்குள் என்றால் ஊசியே வேண்டாம், ஒபரேஷனில் கிருமி பிடிக்கும் ஆபத்துக் கூடும்.

பலன் சில கிழமைதான், நீண்டால் மூன்று மாதம். அதற்காக மூன்று மாதத்துக்கொருமுறை என்று வழக்கமாக்குவது பிழை. 2017இல் வெளிவந்த ஆய்வில் 12 கிழமைக்கொருமுறை இரண்டு வருடம் ட்ரையம்சினோலோன் போட்டவர்களுக்கு, உப்புநீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது, நோவில் வித்தியாசமில்லை.

மூட்டுக்கு வழுவழுப்புக் கொடுக்கவென்று போடும் ஹயலுரோனிக் அமில ஊசிக்குப் பணம் கட்டுமுன் யோசியுங்கள். மூட்டுத் தேய்மானத்துக்கான பிரித்தானியாவின் 2022 மருத்துவ வழிகாட்டி அதைக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. சொந்த இரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா ஊசிக்கு ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

நோ இறங்கியிருக்கும் கிழமைகளில் தொடைத்தசையைப் பலப்படுத்தாவிட்டால் ஊசி வீண். கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தரம், காலையும் மாலையும். தொடை நடுங்கினால் அத்தோடு விடுங்கள், மூட்டுக்குள் குத்தினால் நீட்டும் அளவைக் குறையுங்கள்.