கழுத்துல ஒரு வரைபடம்

கழுத்து திரும்பாம போய் இன்னையோட 4 நாள். வலது பக்கத்துலேர்ந்து யாராவது கூப்பிட்டா மொத்த ஆளும் திரும்ப வேண்டியிருக்கு, டேபிள் ஃபேன் கூட கழுத்தையாவது ஆட்டும், நான் பீரோ.

இதுல வீட்ல ஒருத்திக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். பிசியோதெரபி சேர்ந்ததுலேர்ந்து தங்கச்சி கண்ணுக்கு நாங்க யாரும் மனுஷங்களா தெரியறதில்ல. அப்பா சேர்லேர்ந்து எழுந்தா "பாருங்க, குளூட்டியஸ் மாக்ஸிமஸ் வேலை செய்யுது"ங்கறா, உக்கார்ற இடத்து தசையாம், அவர் ஏதோ கெட்ட வார்த்தைன்னு நினைச்சு திரும்ப உக்காந்துடறார்.

அவ முன்னாடி கழுத்தை வெடுக்குனு திருப்பி சொடக்கு எடுக்கப் பாத்தேன் பாருங்க, அதான் தப்பு. தசைக்குள்ள ஸ்பிண்டில்னு ஒரு காவக்காரன் இருக்கானாம், டக்குனு இழுத்தா எங்க கிழிஞ்சிடுமோன்னு பயந்து இன்னும் சுருக்கிடுவானாம், அதனால மெதுவா இழுத்து 30 செகண்ட் மூச்சை விட்டுக்கிட்டே நிக்கணுமாம், அப்பதான் அவன் கொஞ்சம் அசருவானாம். தலையே 5 கிலோ கிட்ட வருது, நீ நாள் பூரா அதை போனுக்குள்ள தொங்கப் போட்டா பின்னாடி இருக்கற தசைதானே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்னா. "5 கிலோவா? உள்ள ஒண்ணுமே இல்லையேடா"ன்னு அடுப்படிலேர்ந்து அம்மா. யார் கேட்டா.

கடைசியில டீல் இதுதான்: அவ ஆசனம் சொல்லித் தருவா, பதிலுக்கு அவ படிக்க என் முதுகைக் குடுக்கணும்.

முதல்ல கருடாசனம், கை மட்டும். முழங்கை மேல முழங்கையப் போட்டு, கைய முறுக்கி உள்ளங்கைய சேக்கணும். ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல நல்லாவே இழுத்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா கை ரெண்டும் ஜடை மாதிரி பின்னிக் கிடந்த அந்த நேரம் பாத்துதானா மேனேஜர் போன் பண்ணணும், மூக்கால எடுத்து மூக்காலயே ஸ்பீக்கர் போட்டேன். "ஏன் மூச்சு வாங்குது"ன்னார். கழுகா இருக்கேன் சார்னு சொல்லவா முடியும்.

அடுத்தது, முகத்தை பாதி இடது பக்கம் திருப்பி, குனிஞ்சு, என் அக்குளை நானே மோந்து பாக்கணும். இதுக்கு சமஸ்கிருதத்துல பேர் கிடையாதாம். எப்படி இருக்கும்.

அப்புறம் சட்டையக் கழட்டச் சொல்லி மார்க்கரோட வந்தா. "அண்ணா ஆடாத, இதான் லிவேட்டர் ஸ்காபுலேங்கற தசை, கழுத்தோட முதல் 4 எலும்புலேர்ந்து கிளம்பி தோள்பட்டை எலும்போட மேல் மூலையில வந்து பிடிக்குது, மேல டிரபீசியஸ்னு இன்னொரு தசை போத்திக்கிட்டு இருக்கறதால வெளிய தெரியாது." காதுக்குக் கீழேர்ந்து சர்ருனு ஒரு கோடு. முடிச்சு மாதிரி வலிச்ச இடத்துல ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள பேர் வேற, ஸ்பெல்லிங் தப்பா.

மறுநாள் ஆபீஸ் லிஃப்ட்ல பின்னாடி நின்னவர் "டாட்டூவா? வலிச்சுதா?"ன்னாரு. அதுக்கு முன்னாடியே வலிச்சுது சார்.

பெர்மனென்ட் மார்க்கர்!

சாயங்காலம் அம்மா எண்ணெயும் சோப்பும் பாத்திரம் தேய்க்கற நாரும் எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க. கரி பிடிச்ச வாணலிய தேய்க்கற அதே வேகம். திட்டிக்கிட்டே அந்த வட்டத்தை கட்டைவிரலால அழுத்தி அழுத்தி ஒரு கால் மணி நேரம், எனக்கு எப்ப கண்ணு சொக்குச்சுன்னே தெரியல, முழிச்சுப் பாத்தா கழுத்து திரும்புது. முழுசா இல்ல, கதவு வரைக்கும். கதவுல தங்கச்சி நிக்கறா. "பாத்தியா, ஸ்ட்ரெட்ச் வேலை செஞ்சிடுச்சு!"

"இன்னும் பாதி அழியலையேம்மா"ன்னேன்.

"அது அப்படியே இருக்கட்டும்டா, வெள்ளிக்கிழமை அவளுக்கு பிராக்டிகல்"னு சொல்லிட்டு நாரை அலச எழுந்து போயிட்டாங்க.