தகட்டுப் பூட்டும் என் புதுக் கருவியும்

அட்டனில் மழை பிடித்தால் வெளியே தலைகாட்ட முடியாது. சாவியில்லாமல் பூட்டுத் திறந்து பழகும் என் பைத்தியம் முற்றுவதற்கு அது போதாதா?

உள்ளே சிறு ஊசிகள் (pin) உள்ள சாதாரண பூட்டைத் திறக்க ஒரு கொக்கியும், திருப்பிப் பிடிக்க ஒரு டென்ஷன் கம்பியும் போதும். ஓரத்தில் வெட்டுள்ள வட்டத் தகடுகளை உள்ளே அடுக்கிய தகட்டுப் பூட்டு வேறு ரகம். 1907இல் பின்லாந்துக்காரர் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்தது. தகடுகளைத் தள்ள ஸ்பிரிங் கிடையாது. எல்லாத் தகடுகளின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால்தான் பக்கத்துக் கம்பி அதில் விழும், பூட்டு சுழலும்.

இதற்கென்றே உள்ள கருவியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டு. ஒன்று ஒரு தகட்டைப் பிடித்து இழுவை கொடுக்கும். மற்றது மீதியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். இறுகி நிற்கும் தகடு விரலுக்குத் தெரியும். மெல்லத் திருப்பினால் மயிரிழைத் தளர்வு, அவ்வளவுதான். யூடியூபில் கேட்கிற ‘டிக்’கெல்லாம் மைக்கின் புண்ணியம்!

"எந்த வீட்டுக்குடா போகப் போற?" என்று மச்சான் கிண்டலடிக்கிறான். என் சொந்தப் பூட்டுகள் மட்டும்தான். கதவில் மாட்டியிருப்பதைத் தொடுவதில்லை. நம்ம ஊர் ஈரத்தில் துருவேறிய பூட்டில் மட்டும் பழகாதீர்கள், தகடு இறுகியதா துரு பிடித்ததா என்றே புரியாது.

அடுத்து, ஏமாற்று வெட்டுகள், அதாவது சரியான வெட்டு போலக் காட்டி ஏய்க்கும் போலி வெட்டுகள், உள்ள பூட்டு. தங்கச்சி கொழும்பிலிருந்து வரும்போது கொண்டு வருகிறாள்.